போர்டு ஐகான்

போர்டு ஐகான் என்பது சென்னைக்கு அருகிலுள்ள மறைமலை நகரில் 1999 முதல் 2011 வரை உற்பத்தி செய்யப்பட்ட நடுத்தர அளவுக் குடும்பத் தானுந்து ஆகும். பியஸ்டா தானுந்தை அடிப்படையாகக் கொண்டு, பின்புறம் தனிப் பொருட்பெட்டியுடன் இந்தியச் சந்தைக்கென இது வடிவமைக்கப்பட்டது.

பொறி

1.3, 1.6 லிட்டர் பெட்ரோல் பொறிகளுடனும் 1.8 லிட்டர் டீசல் பொறியுடனும் இது விற்கப்பட்டது. 1.6 லிட்டர் ரோகேம் பொறியில் வால்வுகளை இயக்கும் தண்டு பட்டையால் அன்றிச் சங்கிலியால் சுழற்றப்படுகிறது. இதனால் பட்டையைப்போல் குறித்த தொலைவில் மாற்றவேண்டிய தேவை இல்லை. எனினும் எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிடில் சங்கிலி விரைவில் தேயும்.

பழைய வண்டிகள்

போர்டு நிறுவனம் இந்தியாவில் தானுந்து உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் உற்பத்தி 2022 இல் முடிவுற்றது. ஆகவே பழைய ஐகானை வாங்குவோர் உதிரிப் பாகங்கள் கிடைப்பதை முதலில் உறுதிசெய்தல் நன்று.

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம்.

மூக்கண்டப்பள்ளி போன்ற ஓசூர் எல்லைப் பகுதிகளில் கர்நாடகப் பதிவுள்ள வண்டியை வாங்குபவர், அதனைப் பதிவுசெய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழைப் பெறவேண்டும். 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருப்பின், 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47 ஆம் பிரிவின்படி புதிய பதிவெண் பெறுதல் கட்டாயமாகும். ஓசூரின் பதிவெண் வரிசை டி.என். 70 ஆகும்.