10,744 வாக்குகள்

1994 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு (ஈ.பி.டி.பி.) போயின. அதற்கு விழுந்த மொத்த வாக்குகளே 10,744. குடாநாடு விடுதலைப் புலிகளிடம் இருந்ததால் வாக்களிப்பு பெரும்பாலும் அதை அடுத்த தீவுகளான தீவகத்தில்தான் நடந்தது. இந்தக் கணக்கைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். வாக்களித்தவர்களின் கதை தென்னிலங்கைக் கடைகளில் தொடங்குகிறது.

உவர்க்கிணறு, தரவை, பனை, கொஞ்சம் புகையிலை. தீவக மண் தந்தது அவ்வளவுதான். எனவே புங்குடுதீவாரும் வேலணையாரும் நயினாதீவாரும் சிங்கள ஊர்களுக்குப் போய்ச் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை போட்டார்கள். மீசை முளைக்காத பையன் கடையில் சேருவான். இரவில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுப்பான். வாடிக்கையாளரிடமே சிங்களம் பழகி, காலப்போக்கில் பங்காளியாவான். ஊரில் எழுந்த கல்வீடும் கோயில் தேரும் அந்தக் காசுப்பெட்டியிலிருந்து வந்தவை.

1956இல் 24 மணி நேரத்தில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சொல்லி பண்டாரநாயக்க வென்றார். சிங்களம் பேசிய கடைக்காரரை அந்த மொழிச் சட்டம் நேரடியாகத் தொடவில்லை; அந்த அரசியல் கிளப்பிவிட்ட வெறி தொட்டது. 1958, 1977, 1983 என மூன்று முறை காடையர் கடைகளைக் கொளுத்தினார்கள். மூன்று முறையும் அகதிகள் கப்பலேறி வடக்கே வந்தார்கள்.

கடைகள் எரிந்த அந்தக் காலத்திலேயே ஊரின் அரசியலும் மாறியது. 1970இல் தமிழருக்குத் தனியாட்சி கேட்டு தீவகத்தின் ஊர்காவற்றுறைத் தொகுதியில் நின்ற வி. நவரத்தினம் தோற்றார். அவரைத் தோற்கடித்த கா. பொ. இரத்தினமே 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில், தனிநாட்டுக் கோரிக்கையோடு அதே தொகுதியில் வென்றார். ஏழு ஆண்டுகளில் இத்தனை தூரம்!

1990–91இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது, போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். எஞ்சியவர்களில் பலர் முதியவர்கள், வசதியற்றவர்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வேலைக்கும் அவர்கள் யாரையாவது அண்டியே வாழவேண்டியிருந்தது. உதவிய ஈ.பி.டி.பி.க்கு வாக்களித்ததைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உதவிக்குப் பக்கத்தில் ஆயுதமும் இருந்தது என்பதையும் மறைக்க முடியாது. 2001 நவம்பரில் நாரந்தனையில் பிரசாரத்துக்குப் போன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் தாக்கப்பட்டு இருவர் இறந்தார்கள்.

2024 நவம்பரில் ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தா 30 ஆண்டுகளாக வைத்திருந்த ஆசனத்தை இழந்தார். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3, தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்திக்கு. பொருளாதாரச் சரிவின் கோபத்தில் கிளம்பிய அலை அது. இம்முறை தமிழர் கடை எதுவும் எரியவில்லை. புதியவர்களிடம் தீவகம் என்ன கேட்கிறது என்பதை அடுத்த வாரம், குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து பார்ப்போம்.

(தொடரும்)