எட்டே எட்டு எழுத்துக்கு இடம்

தில்லியில் குடித்தனம் நடத்தும் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முருங்கைக்காய், வாழைப்பூ, வாழையிலை, சேனைக்கிழங்கு, கடல் மீன் என்று ஊர்ச் சமையலுக்கு வேண்டியது ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடம். எதிரே தில்லி ஹாட். அது 1994-ல் வந்தது. மார்க்கெட் அதைவிட மூத்தது. பெயரில் இருக்கும் ஐ.என்.ஏ. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அந்தப் படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். அதன் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்தவர். ஆக, ஊரை விட்டுப் போன தமிழர்களின் நினைவு அந்த மூன்று எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது காய்கறி பற்றி அல்ல. அங்கே ஒரு கடையில் சாமி படத்தைச் சுற்றி ஓடும் விளக்கைப் பார்த்துவிட்டு என் பெண் கேட்டாள்: "அப்பா, லைட் எப்படி ஓடுது?" எனக்குத் தெரிந்த பதில் சுலபமானது. லைட் எதுவும் ஓடவில்லை. வரிசையில் ஒன்று அணைய, அடுத்தது எரிகிறது. ஓட்டம் நம் கண்ணில் நடக்கிறது. "அப்படின்னா நாமளே பண்ணலாமே?" என்றாள். பண்ணலாம்தான்.

ஓடும் விளக்கில் இருந்து ஆரம்பம்

வீட்டில் கைவேலையாக எலெக்ட்ரானிக்ஸ் செய்வதற்குத் தில்லி தோதான ஊர். 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பத்திரிகை 1969-ல் இங்கேதான் தொடங்கியது. செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் உதிரி பாகங்கள் கிடைக்கும். ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையம் 2010-ல் திறந்த பிறகு, மஞ்சள் பாதையில் ஏறினால் ஒன்பதாவது நிலையம் சாந்தினி சௌக். ஒரு பையில் முருங்கைக்காயும் இன்னொரு பையில் ரெசிஸ்டரும் வாங்கி ஒரே நாளில் வீடு திரும்பலாம்.

என் தலைமுறையில் எல்லோரும் முதலில் செய்து பார்த்த அசையும் திரை ஓடும் விளக்குதான். 1970-களில் சந்தைக்கு வந்த 555 என்ற சில்லு தாளம் போடும். 4017 என்ற சில்லு அந்தத் தாளத்தை எண்ணி, பத்து விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றும். இதில் கணினியே கிடையாது. இதை இரண்டு மாலைகளில் முடித்தோம். மூன்றாவது மாலை பெண்ணுக்கு அலுத்துவிட்டது. "இதுல ஒரு ஆள் நடக்கணும், என் பேர் வரணும், தமிழ்ல வரணும்" என்றாள்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் கதை தொடங்குகிறது.

காரட்டும் பெங்களூரும்

கடையில் வாங்கியது ஒரு வரிக்கு 16 கட்டம், இரண்டு வரி காட்டும் சாதாரண எல்.சி.டி. மின்னணுத் தராசிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனுடன் ஓர் ஆர்டுயினோ பலகை. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது இந்தப் பலகை. இரண்டும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான்.

அந்தச் சின்னத் திரைக்கு உள்ளே இருக்கும் பொருளின் சரித்திரம் சுவையானது. 1888-ல் பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவர விஞ்ஞானி, காரட்டில் கிடைத்த கொழுப்புப் பொருளிலிருந்து செய்த ஒரு ரசாயனம் இரண்டு முறை உருகுவதைக் கண்டார். முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக. அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். எண்பது வருடம் கழித்து, 1968-ல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஹைல்மையர் குழு அதை வைத்துத் திரை செய்து காட்டியது. 1977-ல் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய சகாக்களும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தார்கள். இவர் சர் சி.வி. ராமனின் உறவினர், நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு.

அதே கழகத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. எங்கள் திரையில் 32 கட்டம், கட்டத்துக்கு 40 புள்ளி, மொத்தம் 1,280 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு கம்பி என்றால் பெட்டி முழுக்கக் கம்பிதான் இருக்கும். அதனால் 16 படுக்கை வரிசை, 80 செங்குத்து வரிசை, ஆக 96 இணைப்பு. ஒரு நேரத்தில் ஒரு படுக்கை வரிசையை மட்டும் தூண்டி, அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஓடும் விளக்கின் அதே தந்திரம்! வரிசைகள் கூடக் கூடப் படம் வெளிறும். ஒன்றுக்குப் பதில் பல வரிசைகளைச் சேர்த்துத் தூண்டும் பொதுவான கணித முறையை ராமன் ஆய்வுக் கழகத்தின் டி.என். ருக்மோங்கதன் 1988-ல் வெளியிட்டார். சின்னத் திரை வரலாற்றில் நம் பக்கத்துப் பெயர்கள் இவ்வளவு இருக்க, நம் எழுத்து மட்டும் ஏன் இல்லை?

ஜப்பான் எழுத்து இருக்கிறது, தமிழ் இல்லை

இந்தத் திரையை இயக்குவது ஹிட்டாச்சியின் எச்டி44780 என்ற சில்லு, அல்லது அதன் நகல். 1980-களின் வடிவமைப்பு இன்றைக்கும் விற்கிறது. அதன் நிரந்தர நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் உண்டு. பெரும்பாலான சில்லுகளில் ஜப்பானியரின் கடகானாவும் உண்டு. ஆங்கில விசைப்பலகையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் ஜப்பானிய நாணயமான யென்னின் குறி இருக்கும். செய்தவர்கள் தங்கள் வீட்டு எழுத்தைத் தங்கள் பொருளில் வைத்தார்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை. உதிரி பாகக் கடைக்காரரிடம் தமிழ் வருமா என்று கேட்டேன். "சார், இதில் ஹிந்தியே வராது" என்று சிரித்தார்.

ஆனால் ஹிட்டாச்சிக்காரர்கள் ஒரு திண்ணை விட்டு வைத்திருக்கிறார்கள். 64 பைட் காலி இடம். அதில் 5-க்கு 8 புள்ளியில் நாமே எட்டு வடிவம் வரைந்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் எட்டே எட்டு. நமக்கோ 247 எழுத்து.

வரைவதற்குக் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். கோலத்துக்குப் புள்ளி வைத்த கை என்றால் இன்னும் சுலபம். ஐந்து புள்ளிகளுக்கு இடமிருந்து 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. எரிய வேண்டியவற்றைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் கிடைக்கும். 'ப' எழுத மேலிருந்து கீழே 0, 0, 17, 17, 17, 17, 17, 31. 'ப்' வேண்டுமா? முதல் எண்ணை 4 ஆக்குங்கள். நடுவில் ஒரு புள்ளி விழும். மெய்யெழுத்துக்குப் புள்ளி என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லியும் ஏறாதது, இந்த ஒரு 4-ல் ஏறிவிட்டது.

'அ' மட்டும் ஐந்து புள்ளி அகலத்தில் அடங்கவில்லை. இரண்டு கட்டமாகப் பிரித்தோம். கட்டங்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் விரிசல் விட்ட மாதிரிதான் தெரியும். பரவாயில்லை, படிக்க வருகிறது.

இனி கணக்கு. பெண் தன் பெயர் வேண்டாம், அம்மா அப்பா இரண்டும் வேண்டும் என்று மாறிவிட்டாள். அ-வுக்கு இரண்டு, ம, ம், ப, ப், பிறகு துணைக்கால். ஏழு ஆயிற்று. நடக்கும் ஆளுக்குக் கால் சேர்ந்தது ஒன்று, அகட்டியது ஒன்று. மொத்தம் ஒன்பது. ஒன்று அதிகம்! அப்பாவை எடுத்துவிடலாமா என்று ஆலோசனை நடந்தது :-)

வழி அந்தச் சில்லிலேயே இருந்தது. காலி இடத்தில் உள்ள வடிவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். மாற்றிய நொடியே திரையிலும் மாறும். ஆகவே ஆளுக்கு ஓர் இடம் போதும். கடைசி இரண்டு எண்கள் 4, 4 என்றால் நிற்கிறார். 10, 17 என்றால் கால் அகட்டுகிறார். மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினால் நடக்கிறார். மேல் வரியில் அம்மா அப்பா, கீழ் வரியில் நடக்கும் மனிதர். சரியாக எட்டு. தில்லி ஜனவரிக் குளிரில் அவர் நடை கொஞ்சம் இழுக்கும். குளிரில் திரவப் படிகம் கெட்டிப்பட்டு மெதுவாகத் திரும்புவதுதான் காரணம், பழுது அல்ல.

செய்து பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: திரையில் ஒரு வரி முழுக்கக் கறுப்புக் கட்டமாகவே நின்றால் சில்லுக்கு உங்கள் கட்டளை போய்ச் சேரவில்லை என்று பொருள்; கம்பிகளைப் பாருங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் முதலில் கான்ட்ராஸ்ட் திருகைத் திருகிப் பாருங்கள்.

முன்னே போனவர்கள்

மறுநாளே கேள்வி வந்தது. "தாத்தா பாட்டி?" த, த், ட், டி என்று இன்னும் நாலு வடிவம் வேண்டும். மொத்தம் பன்னிரண்டு. இடமில்லை. அம்மா அப்பாவை அழித்தால் தாத்தா பாட்டி வருவார்கள். நான்கு பேரும் ஒரே திரையில் சேர்ந்து வர முடியாது. தில்லியிலும் கும்பகோணத்துப் பக்கமுமாகப் பிரிந்து இருக்கும் எங்கள் வீட்டு நிலைமையை அந்தச் சில்லு இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

பெரிய எழுத்துக் கூட்டத்தைச் சின்ன மெஷினுக்குள் அடக்கும் இந்தப் பாடு புதிதல்ல. தமிழ் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். தமிழ் தட்டச்சில் புள்ளிக்கும் கொம்புக்கும் நகராத விசை வைத்து, எழுத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். நாங்கள் துணைக்காலைத் தனியாக வைத்ததும் அதே யுக்திதான். 1978-ல் தமிழக அரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் தனி உருவங்களை நீக்கியது. கணினி யுகத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் இருந்தபடி மதுரைத் திட்டத்தை 1998-ல் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் என்று பலர் உழைத்தார்கள். தமிழ் இணைய மாநாடு முதலில் கூடியது 1997-ல் சிங்கப்பூரில். 1999-ல்தான் சென்னைக்கு வந்தது.

வரிசையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தமிழ் தெருவெங்கும் இருக்கிறது. கடைப் பலகையில், பஸ்ஸில், சுவரில். மெஷினிலும் அது வேண்டும் என்ற அவசரம் அங்கே குறைவு. வெளியே போனவர்களுக்குத் தெருவில் தமிழ் இல்லை. கையில் இருந்த மெஷினுக்குள்தான் அதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த வேலையில் புலம்பெயர்ந்தோர் இவ்வளவு பேர் என்று நினைக்கிறேன்.

நூற்று இருபத்தைந்து

இப்போது எங்கள் மேஜையில் இருப்பது அடுத்த திரை. அங்குல அகலமுள்ள ஓ.எல்.இ.டி., 128-க்கு 64 புள்ளி. கட்டம் என்ற சிறை இல்லை; எந்தப் புள்ளியையும் ஏற்றலாம். ஒரு முழுப் படத்துக்கு 1,024 பைட். ஆர்டுயினோவின் தற்காலிக நினைவகம் 2,048 பைட்தான் என்பதால் பாதி அதற்கே போய்விடும். ஆனால் எழுத்து வடிவங்களை நிரந்தர நினைவகத்தில் வைக்கலாம். அது 32 கேபி.

தமிழுக்கு எவ்வளவு வேண்டும்? உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என 4. ஆக 125. மற்றதெல்லாம் இவற்றைச் சேர்த்தாலே வந்துவிடும். 1978 சீர்திருத்தம் இல்லாவிட்டால் இந்த எண் கூடியிருக்கும். எழுத்துக்கு 16-க்கு 16 புள்ளி, 32 பைட் என்று வைத்தால் சரியாக 4,000 பைட். கிரந்தம் தனிக் கணக்கு. நம் மொழியின் எழுத்து முழுவதும் அந்தக் குட்டிப் பலகையின் எட்டில் ஒரு பங்கில் அடங்கிவிடுகிறது! இடம் இல்லை என்ற காலம் போய்விட்டது. வரைய ஆள்தான் வேண்டும்.

பெண் வரைகிறாள். பள்ளியில் தமிழ் பாடம் இல்லாதவள், ங-வையும் ஞ-வையும் புள்ளி எண்ணிப் பிரித்துவிட்டாள். ழ-வுக்கு நான்கு தாள் கிழிந்தது. முதலில் முடிந்தது தாத்தா பாட்டிக்கு வேண்டிய வடிவங்கள். இப்போது நான்கு பேரும் ஒரே திரையில் இருக்கிறார்கள். நடக்கும் மனிதர் அவர்களுக்குக் கீழே போய்வந்துகொண்டிருக்கிறார்.

துபாயிலோ டொரன்டோவிலோ உங்கள் வீட்டிலும் ஒரு வாண்டு இருந்தால், பழைய எல்.சி.டி.யும் கட்டம் போட்ட தாளும் வாங்கிக் கொடுங்கள். 'ப' எப்படி என்று மேலே எழுதியிருக்கிறேன். 'ம' எப்படி வரும் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.