நம் அரசியலும் நம் பிள்ளைகளின் பாடசாலையும்

 

தரம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் நம் ஊர்களில் ஒரே பேச்சுத்தான். தமிழ் மொழிமூலமா, சிங்கள மொழிமூலமா? பக்கத்துப் பாடசாலையா, டவுன் பாடசாலையா? பிள்ளையின் நலனை மட்டும்தான் பேசுகிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் எந்த அரசியலின் பக்கம் நிற்கிறோம் என்பதும் இந்தத் தெரிவில் எப்போதும் கலந்தே இருந்திருக்கிறது. நம் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

1940களில் தாய்மொழிக் கல்வி பற்றிப் பேசப்பட்டபோது, தமிழருக்கும் சிங்களவருக்கும் விடை தெளிவாக இருந்தது. நம்மிடம்தான் “உங்கள் தாய்மொழி எது?” என்று கேட்கப்பட்டது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அது தமிழ்தான் என்று வாதிட்டார். 1956இல் ஐக்கிய தேசியக் கட்சியும் தனிச் சிங்களத்தின் பக்கம் சாய்ந்தபோது, செனட்டராக இருந்த அவர் அந்தக் கட்சியை விட்டே விலகினார். ஸேர் ராஸிக் பரீத் போன்ற கொழும்புத் தலைவர்களோ தனிச் சிங்களச் சட்டத்தை ஆதரித்தார்கள். இரு சாராரும் சமூகத்தின் நன்மையைத்தான் நாடினார்கள். தெற்கில் சிங்களவர் மத்தியில் சிதறி வாழ்ந்தவர்களுக்கு அரசோடு இணங்கிப் போவது பாதுகாப்பாகத் தெரிந்தது. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் தமிழே பேசிய நம் மூத்தவர்களுக்கு அது பொருந்தவில்லை.

1970இல் பதியுதீன் மஹ்மூத் இரண்டாவது முறையாகக் கல்வி அமைச்சரானார். முஸ்லிம் பாடசாலைகள் தனிப் பிரிவாக வலுப்பெற்றதிலும், முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள் பெருகியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. நம்மில் பலர் கரும்பலகை முன் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதே அமைச்சரின் காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்தது. தமிழ் மொழிமூல மாணவர்களுக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அது எங்கு கொண்டுபோய் விட்டது என்பதை இந்த மண் அறியும்.

ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டா, வன்னிக்கு வேறு முகம் காட்டியது. விஞ்ஞான கூடமும் ஆசிரியரும் இல்லாத வவுனியா, மன்னார் பிள்ளைகளுக்கு முதல் தடவையாக ஒரு கதவு திறந்தது. முல்லைத்தீவின் பெரும்பகுதி அன்று வவுனியா மாவட்டத்துக்குள் இருந்தது. கிளிநொச்சியோ 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்ததால், அதன் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடுதான் போட்டியிட வேண்டியிருந்தது. 1977 தேர்தலில் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று தொகுதிகளும் தமிழர் விடுதலைக் கூட்டணியையே வெல்ல வைத்தன. தரப்படுத்தலை எதிர்த்த கட்சிக்கு வாக்குப் போட்ட வீடுகளிலிருந்தே மாவட்டக் கோட்டாவில் பிள்ளைகள் கம்பஸ் போனார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இன்றும் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நம் மூன்று மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன.

பிறகு 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் படித்த பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பாடத்தைத் தொடர்ந்தார்கள். இருபது வருடம் ஒரு தலைமுறையின் படிப்புக்குப் போதும். 2009க்குப் பின் திரும்பி வரலாம் என்றபோது, காணி, வீடு ஆகியவற்றோடு பிள்ளையின் பாடசாலையும் பெரிய கேள்வியாக நின்றது. அதனால்தான் பல குடும்பங்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் வன்னியில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயரோ வரவு இடாப்பில் புத்தளத்தில் இருக்கிறது.

இதற்காக யாரையும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இதன் விளைவைப் பார்க்க வேண்டும். பிள்ளைத் தொகை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நடக்காது. அவை நடக்காவிட்டால் மாவட்டக் கோட்டா இருந்தும் நம் பிள்ளைக்குப் பயனில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பஸ்ஸில் வந்து வாக்குப் போட்டால் உறுப்பினர் கிடைப்பார். கணித ஆசிரியர் கிடைப்பாரா?

அஸீஸும் பதியுதீனும் எதிரெதிர் அரசியலில் நின்றவர்கள். இருவர் செய்ததிலும் நாம் பயன் பெற்றிருக்கிறோம். எனவே கட்சியைப் பார்த்துப் பாடசாலையை எடைபோடாமல், பாடசாலைக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்துக் கட்சியை எடைபோடுவோம். அடுத்த முறை வாக்குக் கேட்டு யார் வந்தாலும், நம் ஊர்ப் பாடசாலையின் ஆசிரியர் வெற்றிடப் பட்டியலை அவர் கையில் கொடுப்போம். பதில் சொல்லிவிட்டு வாக்குக் கேட்கட்டும்.