பத்தொன்பது ஷில்லிங் தொப்பி

காந்தித் தொப்பி எண்டால் எல்லாருக்கும் வெள்ளைக் கதர்க் குல்லாதான் ஞாபகம் வரும். அதற்குக் கனகாலம் முதல் காந்தி வாங்கின தொப்பி வேறை. கறுப்புப் பட்டு, வெளிச்சம் பட்டால் மினுங்கும், புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பழைய ஆங்கிலப் படங்களில் கனவான்களின் தலையில் இருக்குமே, அந்த ரொப் ஹற்.

1888இல் சட்டம் படிக்க லண்டன் போனபோது அவர் 18 வயசுப் பொடியன். மச்சம் தொடமாட்டேன் எண்டு தாய்க்குச் சத்தியம் பண்ணிப்போட்டுப் போனவர். அந்தக் 'குறையை' நாகரிகத்தால் ஈடுகட்டலாம் எண்டு நினைத்து, தொப்பிக்கு 19 ஷில்லிங்கும் பொண்ட் ஸ்ட்ரீட்டில் தைத்த உடுப்புக்கு 10 பவுணும் கொடுத்தார். நடனம், வயலின், பேச்சுப் பயிற்சி எல்லாம் கூடவே வந்தன. 'சத்திய சோதனை'யில் அவரே இதையெல்லாம் எழுதியிருக்கிறார். மோகம் மூன்று மாதத்தில் தணிந்தாலும் உடுப்பில் இருந்த கவனம் வருசக்கணக்காய்ப் போகவில்லையாம். 1890 பெப்ரவரியில் பிக்கடிலியில் அவரைக் கண்ட சச்சிதானந்த சின்ஹாவும் பளபளத்த அந்தப் பட்டுத் தொப்பியைத்தான் நினைவு வைத்திருந்தார்.

அதே நகரத்தில் கிழமைக்கு 2 ஷில்லிங் வாடகையில் சேரி அறையொன்றில் இருந்த ஏழை மாணவன் ஒருவனைப் பற்றியும் காந்தி சொல்கிறார். கணக்குப் பார்த்தால், ஒரு தொப்பி ஒன்பதரைக் கிழமை வாடகை.

தொப்பி செய்த விதமும் சுவாரசியமானது. முதலில் பீவர் எண்ட நீர்நாய் போன்ற பிராணியின் மயிரில்தான் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டு அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் பட்டு வெறும் மேல்தோல். உள்ளுக்குத் தொப்பியைத் தாங்கி நிற்கிறது அரக்குப் பூசி விறைப்பாக்கின பருத்தித் துணி. அந்த அரக்கு இந்தியக் காடுகளில் ஒரு சிறு பூச்சி சுரப்பது. சூடு காட்டினால் இளகும். கடைக்காரர் அப்படித்தான் வாங்குபவரின் தலைக்கேற்ப வளைத்துக் கொடுப்பார். இந்தியப் பூச்சியின் அரக்கில் நிமிர்ந்து நிண்டதுதான் அந்தக் கனவான் தொப்பி! அந்தப் பட்டை இப்ப ஒருவரும் நெய்வதில்லை. அதனால்தான் பழைய தொப்பிகளுக்கு இந்த விலை.

ஐரோப்பியருக்குத் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. எங்கடை பக்கத்தில் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. 1893இல் டேர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது காந்தி மறுத்து வெளியேறினார். பிறகு, பேசாமல் ஆங்கிலத் தொப்பியே போடுவமோ எண்டும் யோசித்தார். அப்துல்லா சேட் தடுத்துவிட்டார்: அங்கே அதைப் போட்டால் ஹோட்டல் பரிமாறுபவன் எண்டு நினைப்பார்கள். லண்டனில் கனவானாக்கிய தொப்பி டேர்பனில் வெயிட்டராக்கும். அடுத்த வருசம் வழக்கறிஞராகப் பதிவுசெய்தபோது நீதிபதி சொன்னதற்காகத் தலைப்பாகையைக் கழற்றவும் செய்தார். அவரைச் சிலையாக மட்டும் பார்ப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்தக் காலத்தில்தான் பாலசுந்தரம் வந்தார். ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர். முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைத்துணியைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகிற கூலி தலைத்துணியைக் கழற்றவேணும் எண்டது அங்கே வழக்கம். காந்தி முன்னும் அப்படி நிண்டார். முதலில் அதைக் கட்டு எண்டார் காந்தி. தயங்கித் தயங்கித்தான் கட்டினார்.

1921 செப்டெம்பர் 22, மதுரை. காந்தி தொப்பியும் சட்டையும் விட்டு அரைத்துணிக்கு மாறினார். 1927 நவம்பர் கடைசியில் யாழ்ப்பாணம் வந்தவர் அந்தக் காந்திதான். அழைத்தவர்கள் எங்கடை வயசுக்காரர்கள்: 1924இல் தொடங்கின மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ். ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் கோட்டையும் ரையையும் விட்டு வேட்டி சால்வைக்கு வந்த காலம். தேசிய உடை, உள்ளூர்ப் பொருள், சாதி ஒழிப்பு எண்டு தீர்மானம் போட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து அரசாங்க உத்தியோகம் பார்ப்பதே பெருங்கனவாயிருந்த ஊரில் கோட்டைக் கழற்ற நிச்சயம் துணிவு வேணும்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு கேள்வி இடறுகிறது. வேட்டி சால்வை ஆருடைய தேசிய உடை? அதே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் ஒருவர் தோளில் சால்வை போட்டபடி வெள்ளாளர் முன்னால் போகேலாது. அது இடுப்புக்கு இறங்கவேணும், இல்லாட்டிக் கக்கத்துக்குள் போகவேணும். பெண்கள் மேற்சட்டை போடவும் தடை இருந்தது. பாலசுந்தரம் டேர்பனில் கையில் பிடித்திருந்த துணியை, இங்கே எங்கடை ஆக்களே எங்கடை ஆக்களைக் கழற்ற வைத்தார்கள். கோட்டைக் கழற்றுவது ஒருவருக்குத் தியாகம். சால்வையைத் தோளில் போடுவதே இன்னொருவருக்கு அடிவாங்கும் குற்றம்.

வாலிபர் காங்கிரஸ்காரர் கனபேருக்கு இது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் வேணும் எண்டு நிண்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். அதுவரை நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்களோடு வாங்கில் இருக்கலாம் எண்டு 1920களின் கடைசியில் உத்தரவு வந்தபோது, குடாநாட்டில் சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள்.