ஆச்சியும் சென்னை பாஷையும்

ஊர்ப் பெயர்களில் சில, கேட்டவுடனே புன்னகை வரவழைப்பவை. அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் ஊரூர் ஒல்காட் குப்பம் அவற்றுள் ஒன்று. ஊருக்கே 'ஊர்' என்று பெயர்; அதன் பின்னால் ஓர் அமெரிக்கக் கர்னலின் பெயர்! 1882-ல் பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்த ஒல்காட் துரைதான் அவர்.

இந்தக் குப்பத்துக் கரையில் மீன் விலை பேசும் பெண்களின் பேச்சை நான் நின்று கேட்டதுண்டு. வேகம், வெட்டு, கேலி, நடுவே சட்டென்று ஒரு வாஞ்சை. இதைத்தான் 'சென்னை பாஷை' என்று சொல்லி நம்மவர் மூக்கைச் சுளிப்பார்கள். அந்தப் பாஷையை நடுத்தர வர்க்கத்தின் கூடத்துக்கே கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர், சென்னையில் பிறக்காத ஒரு பெண்மணி.

கோபிசாந்தா என்ற மனோரமா பிறந்தது 1937-ல், மன்னார்குடியில். வளர்ந்தது செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். 'ஆச்சி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். வறுமை அவரைச் சிறு வயதிலேயே நாடக மேடைக்கு அனுப்பியது. 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்தார். கிடைத்தது நகைச்சுவை வேடம். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் நிலைத்தது என்னவோ சிரிப்புத்தான்.

அதில் அவருக்கு நஷ்டம் உண்டா? கதாநாயகிகள் வந்தார்கள், போனார்கள், ஆச்சி இருந்தார். 1968-ல் மட்டும் இரண்டு சாதனைகள். கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையிலிருந்து எழுந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணி. ஊர் ஊராய்ச் சுற்றிய நாடகக்காரிக்கு அந்த வேடத்தின் உள்ளும் புறமும் தெரிந்திருந்தது. 'பொம்மலாட்ட'த்திலோ சென்னை பாஷையில் ஒரு பாட்டு. சொந்தக் குரலிலேயே பாடினார்.

அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? இந்தக் கேள்வி என்னை உறுத்தியதுண்டு. ஏழையின் பேச்சை மேடையேற்றிக் காசு பண்ணுவது எளிது. ஆனால் கேலி செய்கிறவர்கள் சொல்லைக் கோணலாக்கிவிட்டு, "சிரியுங்கள்" என்று நம்மை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். மனோரமா அப்படிப் பார்க்கவில்லை. அதுவே தம் தாய்மொழி என்பதுபோல் பேசினார். வேகமும் வெட்டும் இருந்தன, வாஞ்சையும் இருந்தது. சிரிப்பு நமக்கு வந்தது; அவமானம் அந்தப் பாத்திரத்துக்கு வரவில்லை.

1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. பிற்காலத்தில் தொடர்கள் பெருகியபோது ஆச்சி அவற்றிலும் நடித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், 'புதிய பாதை' (1989) படத்துக்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ.

2015-ன் தொடக்கத்தில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு விழா நடந்தது. சபாக்களில் கேட்ட கர்நாடக சங்கீதம் மீனவர் தெருவுக்கு வந்தது என்று எல்லோரும் வியந்தார்கள். வியக்க வேண்டியதுதான். அதே ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி மனோரமா மறைந்தார். அந்த மீனவர் தெருக்களின் பேச்சைச் சபாக்காரர்களின் காதுக்கு அவர் கொண்டுசேர்த்து, அப்போது ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதற்கு யாரும் விழா எடுத்ததாக எனக்கு நினைவில்லை.