நெருப்பின் மேல் யாருக்கு உரிமை?

தோழர்களே, காடு எரிந்ததும் எழும் முதல் கேள்வி, “யார் வைத்தது?” என்பதுதான். அதற்கான பதிலைச் சட்டம் முன்பே எழுதிவைத்திருக்கிறது.

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வேண்டுமென்றோ பெரும் கவனக்குறைவாலோ காப்புக்காட்டில் தீ மூண்டால், மேய்ச்சல் உரிமையையும் வனப்பொருள் எடுக்கும் உரிமையையும் அரசு நிறுத்திவைக்கலாம் என்கிறது 26ஆம் பிரிவு. ஒருவர் வைத்த தீக்கு ஊரே தண்டனை பெறும். அதே மக்கள் தீயை அணைக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 79ஆம் பிரிவு. கூலி பற்றி அதில் பேச்சே இல்லை.

உழைப்பைக் கடமையாக்கி, அதிகாரத்தை மறுக்கும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. அற்ப மானியத்துக்காக மகார்களை ஊருக்கும் அரசுக்கும் பரம்பரை ஊழியராகக் கட்டிப்போட்ட வதன் முறைக்கு எதிராக அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். காட்டு மக்களின் கட்டாய ஊழியத்துக்கு அப்படியொரு மசோதா வரவில்லை.

கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்களைப் பாருங்கள். கோடை முற்றும் முன், நிலத்தில் ஈரம் இருக்கும்போதே சருகுக்குத் தீயிடுவது அவர்கள் வழக்கம். ‘தரகு பெங்கி’ என்பார்கள். நம் சொல்லில் சருகுத்தீ. தாழ்வாக ஓடி அணைந்துவிடும். பெரிய மரங்களுக்குச் சேதமில்லை. உண்ணிச்செடியின் இளங்கன்றுகள் கருகும். கடுங்கோடையில் எரிய மிச்சம் அதிகம் இராது.

1974இல் அந்த மலை சரணாலயமானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 30ஆம் பிரிவில் தீயிடுவதைத் தடுத்தது. 27ஆம் பிரிவில், அங்கே வசிப்போர் தீயை அணைத்தே ஆகவேண்டும் என்றது. மீண்டும் அதே கணக்கு. சருகு சேர்ந்தது, உண்ணிச்செடி புதராக மண்டியது. இப்போது மூளும் தீ அந்தப் புதர் வழியே மரக்கிளைவரை ஏறுகிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி 2011இல் சோலிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அது பெரும் வெற்றி. ஆனால் 30ஆம் பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது.

தீயின் முன் நிற்பவர் யார் என்பதையும் மறக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன வனக் காவலர்கள் 3 பேர் கருகி மாண்டனர்.

எந்தப் பருவத்தில், எங்கே சருகை எரிப்பது என்பதைக் கிராம சபை முடிவுசெய்யட்டும். அணைக்கப் போகிறவருக்கு நிரந்தர வேலையும் காப்பீடும் வேண்டும். தீயில் இறங்கும் கைக்கே தீயின் மேல் அதிகாரமும் சேரட்டும்.