எஞ்சினில்லா விமானம்

எஞ்சின் இல்லாமல் விமானம் பறக்குமோ என்று ஐயுறுவோர், உச்சிவெயிலில் வட்டமிடும் பருந்தைச் சற்றே நோக்குவாராக. விரித்த சிறகை அசைக்காமலே அது மேலேறுகின்றது. அதற்குக் காரணம் மாயமன்று. வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து காற்று மேலெழும்புகின்றது. அக்காற்றே பருந்தைத் தூக்கிச் செல்கின்றது. கிளைடர் எனப்படும் சறுக்கு விமானத்தின் இரகசியமும் இதுவே. அது எப்பொழுதும் காற்றினூடே கீழ்நோக்கிச் சறுக்கிக் கொண்டேயிருக்கும். எனினும், அது இறங்கும் வேகத்தைவிடக் காற்று எழும் வேகம் மிகுமாயின், விமானமும் உயரும்.

பறக்க முயன்ற முன்னோர் பலர் பறவையைப்போற் சிறகடிக்கவே எண்ணினர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸர் ஜார்ஜ் கெய்லி என்பார் அவ்வெண்ணத்தை மாற்றினார். தாங்குதல் இறக்கையின் தொழில், உந்துதல் வேறு கருவியின் தொழில் எனப் பிரித்து, 1799-ஆம் ஆண்டிலேயே வெள்ளித் தகடொன்றில் தம் கருத்தைப் பொறித்து வைத்தார். 1853-இல் அவர் அமைத்த கிளைடர் அவருடைய வண்டிக்காரரைச் சுமந்து பள்ளத்தாக்கொன்றைக் கடந்தது என்பர்.

கருத்தைத் தம் உடலையே பணயம் வைத்துச் சோதித்தவர் ஜெர்மானியராகிய ஓட்டோ லிலியந்தால். நாரைகளின் பறப்பை ஆராய்ந்து 1889-இல் நூலொன்று வெளியிட்ட அவர், 1891 முதல் தாமே பறக்கலானார். மரக்கொம்புகளை வளைத்துப் பருத்தித் துணி போர்த்தியதே அவர் இறக்கை. 1894-இல் பெர்லினருகே செயற்கைக் குன்றொன்றை எழுப்பி, அதன் உச்சியினின்று காற்றை எதிர்த்து ஓடித் தாவினார். ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். சிலகால் 250 மீட்டர் வரை சென்றார். ஆயின், கால்களையும் உடலையும் அசைப்பதன்றி விமானத்தை நிலைநிறுத்த அவருக்கு வேறு வழியில்லை. 1896 ஆகஸ்டு 9-இல் விமானம் நிலைகுலைந்து விழ, மறுநாள் உயிர் துறந்தார்.

அம்மரணச் செய்தி அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் சிந்தையைக் கிளறியது. உடலசைவு போதாது என உணர்ந்த அவர்கள், இறக்கையின் நுனிகளை முறுக்கிச் சமன்செய்யும் முறையைக் கண்டனர். 1900 முதல் 1902 வரை மூன்று கிளைடர்களைச் செய்து, மணல்மேடுகளிற் பலநூறு முறை பழகினர். எஞ்சினைப் பூட்டியது அதன் பின்னரே. 1903 டிசம்பர் 17-இல் உலகம் வியந்த பறப்புக்கு எஞ்சினில்லா விமானமே பள்ளிக்கூடமாயிற்று.

யுத்தமும் இக்கருவியை விட்டுவைக்கவில்லை. ஓசையின்றி இறங்குமாதலால், 1940 மே 10-இல் ஜெர்மானியர் பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டையின் மீது கிளைடர்களில் இறங்கி அதனை முடக்கினர். 1944 மார்ச் 5-ஆம் நாள் இரவு, இந்தியாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட கிளைடர்கள் பர்மாக் காட்டினுள் வீரர்களையும் மண் தள்ளும் யந்திரங்களையும் இறக்கின. வழியில் கயிறறுந்து வீழ்ந்தனவும் உண்டு. எனினும் மறுநாளிரவே அங்கே பெரிய விமானங்கள் இறங்கத் தளம் ஆயத்தமாயிற்று.

இன்றைய கிளைடர்களின் இறக்கைகள் நீண்டு குறுகியவை. கண்ணாடி இழையாலும் கரி இழையாலும் ஆனவை. சிறந்தவை ஒரு மைல் இறங்குவதற்குள் நாற்பது மைலுக்கு மேல் முன்செல்லும். 1981 முதல் 2011 வரை விண்வெளி சென்று மீண்ட அமெரிக்க ஷட்டில் கலங்களும் எஞ்சினின் துணையின்றிச் சறுக்கியே தரை சேர்ந்தன.

விசையைத் தேடுமுன் காற்றை அறிந்துகொள்ள வேண்டுமென உணர்ந்தோரே மனிதனுக்குச் சிறகு தந்தனர். வீழ்ந்தவர் விட்டுச் சென்ற கணக்கை எழுந்தவர் தொடர்ந்து எழுதினர். அறிவு வளர்வது அவ்வாறே.